பேண்ட் பைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கி: கடலூர், புதுச்சேரியில் எதை வாங்குவது?

பண்ருட்டி_மண்டி (கேள்வி)

வணக்கம். முந்திரி வியாபாரம் செய்கிறேன். பண்ருட்டியிலிருந்து நெல்லிக்குப்பம், கடலூர் வழியாகப் புதுச்சேரிக்குப் பணத்தோடு போய்வர வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் பைக்கில்தான். திரும்பும்போது இருட்டிவிடும். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

நிர்பீக், அஷனி, நிடர், பிரபல் என்று நாலு கைத்துப்பாக்கிகளின் பெயர் காதில் விழுகிறது. பையில் வைத்தால் வெளியே தெரியாத அளவில் சின்னதாக வேண்டும். நான் பாதி நாள் வேட்டி, பாதி நாள் பேண்ட். ரிவால்வரா, பிஸ்டலா? எடை குறைவாக இருப்பதே நல்லதா? விஷயம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கெடிலக்கரை

வணக்கம் அண்ணே. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிற சின்ன 9 மி.மீ. பிஸ்டல்களை முதலில் மறந்துவிடுங்கள். நம் நாட்டில் 9 மி.மீ., .38, .45 எல்லாம் தடை செய்யப்பட்ட ‘போர்’ (bore, அதாவது பேரலின் உள்விட்ட அளவு). சாதாரண ஆளுக்கு அந்த லைசென்ஸ் கிடைக்காது. நமக்குக் கைத்துப்பாக்கியில் நடைமுறையில் கிடைப்பது .32, அதற்குக் கீழே .22. தனியாள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் வழி 1980களிலேயே அடைபட்டுவிட்டது. ஆகவே தேர்வு என்பது நீங்கள் சொன்ன நாலு பெயரையும், அரசுத் தொழிற்சாலையின் பழைய .32 ரிவால்வரையும், உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோயில் தயாராகும், வெப்ளி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் .32 ரிவால்வரையும் தாண்டிப் பெரிதாகப் போகாது.

.32 என்ற பெயரில் இரண்டு வேறு தோட்டாக்கள் இருக்கின்றன. வாங்குகிற பலருக்கு இது தெரிவதில்லை. ரிவால்வருக்கு .32 ஸ்மித் வெஸ்ஸன் லாங்: நீளமான கூடு, அடியில் அகலமான விளிம்பு, குண்டு 98 கிரெயின் அளவில், அதாவது 6 கிராமுக்குச் சற்று மேல். பிஸ்டலுக்கு .32 ஏசிபி: குட்டையான கூடு, 71 கிரெயின் குண்டு, வேகம் கொஞ்சம் கூடுதல். ஏசிபி தோட்டா சில ரிவால்வர் சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையில், போய் உட்கார்ந்துகொள்ளும். உட்காருகிறதே என்று சுடக் கூடாது. அதன் அழுத்தம் அதிகம், அந்த ரிவால்வர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கடையில் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இனி ஒவ்வொன்றாக.

நிடர் .22, எடை 250 கிராம், எட்டுத் தோட்டா. பைக்குள் இருப்பதே தெரியாது. ஆனால் .22 தோட்டாவில் தீப்பொறி மருந்து கூட்டின் விளிம்பைச் சுற்றி இருக்கிறது. அது ஒரே சீராகப் பரவாத தோட்டா பெட்டிக்கு ஒன்றிரண்டு வரலாம், அடித்தும் வெடிக்காது. இரண்டங்குலம்கூட வராத பேரலில் அதன் வேகமும் விழுந்துவிடும். உயிர் காக்க என்று வாங்குபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

நிர்பீக் 2014ல் கான்பூரில் வந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், .32, ஆறு தோட்டா, எடை 500 கிராம் அளவில். அறிமுகமானபோது விலை 1.22 லட்சம். பழைய .32 ரிவால்வர் அதே ஆலைகளின் சரக்கு, எஃகு, கிட்டத்தட்ட 700 கிராம். இரண்டும் நடுவில் மடித்துத் திறக்கும் ரகம். பிரபல் 2023 ஆகஸ்டில் வந்தது. தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். தோட்டா இல்லாமல் 675 கிராம், பேரல் 76 மி.மீ., மொத்த நீளம் 177.6 மி.மீ. 50 மீட்டர் வரை சுடும் என்பது விளம்பரத்தில் வரும் செய்தி. உங்கள் தேவை மூன்று முதல் ஐந்து மீட்டர் தூரம்தான், அதற்குள் எல்லாமே சுடும்.

எடை பற்றிக் கேட்டீர்கள். .32க்கு உதைப்பு குறைவு, ஆகவே லேசான துப்பாக்கி கையைப் பதம் பார்த்துவிடும் என்ற பயம் இந்த அளவில் வேண்டாம். தொல்லை வேறு இடத்தில் வருகிறது. ஹேமரை (பின்பக்கமுள்ள சுத்தியலை) கையால் பின்னுக்கு இழுக்காமல் நேரடியாக டிரிக்கரை அழுத்திச் சுட, ரிவால்வரில் நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை இழுவிசை வேண்டும். அரை கிலோ பொருளை ஒரு கையில் பிடித்து, அதில் ஐந்து கிலோ விசையை ஒரே விரலால் கொடுத்தால் முனை ஆடத்தான் செய்யும். எஃகின் கூடுதல் 200 கிராம் அந்த ஆட்டத்தைக் கணிசமாக அடக்கும். இரண்டையும் கையில் வாங்கி, காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து மெதுவாக ஆறு முறை இழுத்துப் பாருங்கள். முன்பக்கக் குறி எதில் குறைவாக அலைகிறதோ அதுதான் உங்கள் துப்பாக்கி.

என் தேர்வு பிரபல். அது கிடைக்காவிட்டால் எஃகு .32 ரிவால்வர். நிர்பீக் மூன்றாவதுதான்.

வில்லியனூர்_வாசி

கெடிலக்கரை சொன்னதில் பெரும்பகுதி சரி. பிஸ்டலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் தாண்டிவிட்டார், அதற்காக எழுதுகிறேன்.

அஷனி .32 ஏசிபி பிஸ்டல். தட்டையாக இருப்பதால் பையில் பிதுங்காது. ரிவால்வரின் சிலிண்டர் எவ்வளவு சின்னதானாலும் ஒரு பக்கம் வட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மறைத்து வைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பிஸ்டலுக்கே என் ஓட்டு. சுடும்போது முதல் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் சீர் மாறாது, குறியும் நன்றாக நிற்கும்.

ஆனால் இந்தப் பழைய வடிவமைப்புப் பிஸ்டல்களை எப்படி எடுத்துச் செல்வது என்பதில்தான் சிக்கல். சேம்பரில் தோட்டாவை ஏற்றி வைத்தால், உள்ளே தோட்டாவை அடிக்கும் ஊசியோ ஹேமரோ ஸ்பிரிங்கை முழுதாக அழுத்திக்கொண்டு காத்திருக்கும். தடுப்பு பெரும்பாலும் அந்தச் சின்ன சேஃப்டி நெம்புகோல்தான். பைக்குள் உரசி அது கீழே இறங்கிவிட்டால் ஆபத்து. கீழே விழுந்தால் ஊசியைத் தடுத்து நிறுத்தும் தனி அமைப்பும் பழைய பிஸ்டல்களில் இருக்காது. ஆகவே சேம்பரைக் காலியாக வைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும். அப்படி வைத்தால், எடுத்ததும் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை, பின்னுக்கு இழுக்க இரண்டு கையும் வேண்டும். பைக்கில் ஒரு கை ஹேண்டிலில், அல்லது ஒரு கையில் பணப்பை, அல்லது ஒருவன் உங்கள் கையைப் பிடித்திருக்கிறான். அந்த நேரத்தில் இரண்டாவது கைக்கு எங்கே போவது? இந்த ரகத்தில் வெறும் ஸ்பிரிங்கின் பலம்தான் ஸ்லைடை மூடி வைக்கிறது, அதனால் ஸ்பிரிங் கடினமாகவும் இருக்கும். விரலில் மூட்டுவலி உள்ளவர்களால் இழுக்க முடியாது.

.32 ஏசிபிக்கே உரிய இன்னொரு கோளாறு: தோட்டாவின் அடிவிளிம்பு கூட்டைவிட ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) ஏற்றும்போது மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், ஸ்லைடு எத்தனை முறை இழுத்தாலும் அடுத்த தோட்டா மேலே வராது. மேகசினைக் கழற்றிக் கையால் நிமிண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. தடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு தோட்டாவையும் முன்பக்கமிருந்து பின்னால் தள்ளி ஏற்றுங்கள், மேலே வரும் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் நிற்கிறதா என்று மேகசினின் பக்கத் துளை வழியாகப் பாருங்கள். மேகசினை உள்ளங்கையில் தட்டுகிற பழக்கம் வேண்டாம், இந்தக் கோளாறை வரவழைப்பதே அதுதான்.

ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் டிரிக்கரை இன்னொரு முறை இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும். பிஸ்டலில் சேம்பரில் உள்ள தோட்டாவை வெளியே தள்ளி மறுபடி ஏற்ற வேண்டும். பயிற்சிக்கு மாதாமாதம் போகிறவருக்கு அது ஒன்றுமில்லை. வியாபாரம் பார்க்கிற உங்களுக்கு ரிவால்வர்தான் பொருந்தும். இவ்வளவு சுற்றி வந்து நானும் கெடிலக்கரையின் முடிவுக்கே வந்து நிற்கிறேன், ஆனால் காரணம் தெரிந்து முடிவெடுப்பது வேறு.

பண்ருட்டி_மண்டி

இருவருக்கும் நன்றி. அப்படியானால் ரிவால்வர்தான். வேட்டி கட்டும் நாளில் பெல்ட்டில் இருக்கும் பர்ஸுக்குள் வைக்கலாமா? பைக்கின் டிக்கியில் வைத்துப் பூட்டினால் போதாதா? நான் ஊரில் இல்லாத நாளில் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து வைக்கலாமா? யாரோ ஒருவர் தனிச்செய்தியில் லைசென்ஸ் எதுவும் வேண்டாம், குறைந்த விலையில் பிஸ்டல் தருகிறேன் என்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சக்குப்பம்_வக்கீல்

கடைசியிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தனிச்செய்திக்குப் பதில் போடாமல் தடை செய்துவிடுங்கள். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 25: லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. கையில் இருப்பது தடை செய்யப்பட்ட போராக இருந்தால் 7 முதல் 14 ஆண்டு. அவர்கள் விற்பது அதுவாகவும் இருக்கலாம். உண்மையாகவே தற்காப்புக்குச் சுட்டிருந்தாலும் இந்த வழக்கு தனியாக நிற்கும்.

வீட்டுக்காரம்மாவிடம் கொடுக்கக் கூடாது. லைசென்ஸ் உங்கள் பெயருக்கு, அந்த ஒரு துப்பாக்கியின் எண்ணுக்கு. நீங்கள் வெளியூர் போகும் நாளில் அது சுவரில் பொருத்திய இரும்புப் பெட்டிக்குள், தோட்டா வேறு பூட்டுக்குள், சாவி உங்களிடம். ரொம்ப நாள் வெளியூர் என்றால் லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

டிக்கியும் கூடாது. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையில் உடலோடு இணைந்து இருக்க வேண்டும், அல்லது தோள்பை போன்ற உறைக்குள் இருக்க வேண்டும். முழுதாக மறைந்திருக்க வேண்டும். எந்த நேரமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். டீக்கடை வாசலில் நிறுத்திய வண்டியின் டிக்கியில் இருப்பது யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது? எடுத்துக் காட்டி மிரட்டினாலும், திருமண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் லைசென்ஸ் போகும். கொண்டாட்டத்தில் சுடுவதற்கு 2019 திருத்தம் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது.

இனி விண்ணப்பம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஏ-1 படிவம். நீங்கள் இருப்பது கடலூர் மாவட்டம் என்பதால் மாவட்ட ஆட்சியர்தான் உரிமம் தரும் அதிகாரி. புதுச்சேரியில் குடியிருப்பவர்கள் அங்குள்ள மாவட்ட மேஜிஸ்டிரேட், அதாவது கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். அடையாளம், முகவரி, வயதுச் சான்றுகளோடு, உடல், மன நலத்துக்கு எஸ்-3 படிவத்தில் மருத்துவர் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கு எஸ்-1 படிவம், வீட்டில் பத்திரமாக வைக்கும் வசதி இருப்பதற்கான உறுதிமொழி. பிறகு காவல் துறை அறிக்கை போகும், வருவாய்த் துறையிலிருந்தும் விசாரிப்பார்கள்.

விண்ணப்பம் விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: ‘எதற்கு வேண்டும்’ என்ற கட்டத்தில். ‘தற்காப்பு’ என்று ஒரே சொல்லில் எழுதாதீர்கள். தொழிலின் தன்மையால் உயிருக்கோ உடைமைக்கோ பாதுகாப்பு தேவைப்படுகிறவர் என்று விதியே ஒரு வகையைச் சொல்கிறது. அதற்குள் உங்களைக் காட்ட வேண்டும். ஜிஎஸ்டி பதிவு, வருமான வரிக் கணக்கு, வங்கியில் ரொக்கம் எடுத்ததும் கட்டியதும் தெரியும் பட்டியல், எந்தச் சாலையில் எந்த நேரத்தில் போகிறீர்கள் என்ற விவரம், மிரட்டல் வந்திருந்தால் புகார் ரசீதோ எஃப்ஐஆர் நகலோ. இவற்றை இணைத்த மனுவும் இணைக்காத மனுவும் ஒன்றாகப் பார்க்கப்படுவதில்லை. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள், பிரிவு 18ன்படி மேல்முறையீடு உண்டு.

இப்போது நம் பகுதிக்கே உரிய விஷயம். லைசென்ஸில் ‘எந்தப் பகுதிக்குச் செல்லும்’ என்று எழுதியிருக்கும். கடலூர் ஆட்சியர் தமிழ்நாட்டுக்கு மட்டும் கொடுத்திருந்தால், முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் கால் வைத்த நொடியில் நீங்கள் நிபந்தனையை மீறியவர். நாம் தினமும் போகிற சாலை என்பதால் அது வேறு ஆட்சிப் பகுதி என்ற நினைப்பே வராது. புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம், அவர்கள் பகுதியே தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு கொம்யூனிலிருந்து (அங்குள்ள உள்ளாட்சிப் பகுதி) இன்னொன்றுக்குப் போக நடுவில் எல்லை தாண்ட வேண்டியிருக்கும். உங்கள் பயணமே புதுச்சேரிக்கு என்பதால், முதல் மனுவிலேயே இரண்டு பகுதிக்கும் செல்லுபடி கேட்டு, காரணத்தையும் எழுதுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரட்டை அலைச்சல்.

தேர்தல் அறிவித்ததும் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். இங்கே ஒப்படைத்தால் ரசீதை லைசென்ஸோடு வையுங்கள். லைசென்ஸ் 5 ஆண்டுக்கு. காலம் முடிவதற்கு முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். காலாவதியான லைசென்ஸோடு துப்பாக்கி வீட்டில் இருந்தால் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான்.

சுடும் உரிமை எதுவரை? இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள் 34 முதல் 44 வரை படியுங்கள். உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளிக்கு மரணம் நேரும் அளவுக்கும் உரிமை நீள்கிறது, அது பிரிவு 38. உடைமை விஷயத்தில் பிரிவு 41 கொள்ளையை அந்தப் பட்டியலில் சேர்க்கிறது, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்துப் புகுவதையும் சேர்க்கிறது. ஆனால் பணப்பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவன் மேல் சுடுவதற்கு இவை இடம் தரவில்லை. மிரட்டல் நின்ற இடத்தில் உரிமையும் நிற்கும். தேவைக்கு மேல் சேதம் செய்யக் கூடாது என்று பிரிவு 37 தனியாகவே சொல்கிறது. சாலையில் பின்னால் வருகிற மனிதரும் உங்கள் பொறுப்பு.

உப்புக்காற்று_ஓ.டி

உறை, துரு இரண்டையும் நான் சொல்றேன். கடற்கரையிலேருந்து பத்து கிலோமீட்டருக்குள்ள துப்பாக்கி வெச்சிருக்கறவங்க வாங்கறப்ப இதைப் பத்தி யோசிக்கறதே இல்லை, அப்புறம் ஆறே மாசத்துல பேரல் வாயில செம்மண் பூத்து நிக்கும்.

முதல்ல உறை. வேட்டி பெல்ட் பர்ஸ் வேணாம் அண்ணே. அது மெத்துன்னு இருக்கற துணி. டிரிக்கரை மூடாது, வெளியிலேருந்து அழுத்தினா உள்ளே இருக்கற சாவியோ பேனாவோ டிரிக்கர் கார்டுக்குள்ள நுழையும். உறைக்கு மூணு குணம் வேணும்: டிரிக்கர் முழுசா மூடியிருக்கணும், வெளியிலேருந்து அழுத்தினாலும் வளையாத கெட்டிப் பொருளா இருக்கணும், துப்பாக்கியை உருவும்போது உறை கூடவே வரக் கூடாது. வேட்டி கட்டற நாள்ல உள்ளே அரைக்கால் சட்டை போட்டு, அதுக்கு மேல அகலமான கெட்டி பெல்ட் கட்டி, இடுப்புல உறையை மாட்டி, மேலே சட்டையை வெளியே விட்டுக்குங்க. வேட்டி முடிச்சு துப்பாக்கியோட எடையைத் தாங்காது.

பேண்ட்டா இருந்தா முன்பக்கப் பை, அதுக்குன்னு தைச்ச உறையோட. அந்தப் பையில வேற எதுவும் வேணாம், சில்லறைகூட. தையல்காரர்ட்ட பையை ஒரு இஞ்சு ஆழமா, வாயை அகலமா, ரெட்டைத் துணியில தைக்கச் சொல்லுங்க. ஆனா பைக்கில உட்கார்ந்தா முன்பை வாய் மடிஞ்சு இறுகிடும். எழுந்து நிக்காம எடுக்க முடியாது. அதனால பைக் ஓட்டறவருக்குப் பையை விட இடுப்பு உறைதான் சரி. நீங்க முதல்ல கேட்ட ‘பைக்குள் அடங்கும்’ அளவு உங்க பிரயாணத்துக்கே ஒத்து வராதுங்கறதை யோசிச்சுப் பாருங்க. இடுப்புல மாட்டறதுன்னு முடிவாயிட்டா 675 கிராம் ஒரு பாரமே இல்லை.

இப்ப துரு. தோல் உறைக்குள்ள துப்பாக்கியை ராத்திரி முழுக்க வைக்கக் கூடாது. தோல் பதனிடற உப்பும், நம்ம வியர்வையும், கடல் காத்தும் சேர்ந்து அதை அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் காலி செஞ்சு, எண்ணெய் தொட்ட துணியால ஒரு தடவை வெளியே துடைச்சு, உறையில்லாம பெட்டிக்குள்ள வைங்க. பெட்டியில சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில அதை வாரம் ஒரு தடவை காய வெச்சு எடுக்கணும்.

வாரம் ஒரு தடவை செய்ய வேண்டியது: துப்பாக்கியைத் திறந்து ஆறு அறையும் காலின்னு கண்ணாலயும் விரலாலயும் பாருங்க. தோட்டாவை நீங்க உட்கார்ந்திருக்கற ரூமிலேருந்தே வெளியே கொண்டு போய் வைங்க. மடிச்சுத் திறக்கற ரகத்துல பேரலைப் பின்பக்கத்திலேருந்தே சுத்தம் பண்ணலாம், முனையில கம்பி உரசாது. வெண்கலப் பிரஷ்ல சுத்தம் பண்ணற திரவம் தொட்டுப் பத்துத் தடவை, அப்புறம் துணித்துண்டு அழுக்கு இல்லாம வர்ற வரைக்கும், கடைசியா எண்ணெய் லேசா ஒரு துண்டு. ஆறு அறைக்கும் அதே மாதிரி.

ரொம்பப் பேர் விடற இடம், காலிக் கூட்டைத் தள்ளற நட்சத்திரத் தகட்டோட அடிப்பக்கம். எரியாத மருந்துத் துகள் ரெண்டு அங்கே தங்கினா தகடு முழுசா உட்காராது. தோட்டா ஒரு இழை பின்னால தூக்கி நிக்கும், சிலிண்டர் சுத்தாம இறுகும், டிரிக்கர் அசையாது. பழைய டூத் பிரஷ்ஷால அந்த இடத்தை உலர்வாத் தேய்ங்க, எண்ணெய் விடாதீங்க.

எண்ணெய்னா துப்பாக்கி எண்ணெய், கிடைக்கலைன்னா தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிடும். எதுவா இருந்தாலும் சொட்டச் சொட்ட வேணாம். வழிஞ்சு தோட்டாவோட அடியில இருக்கற பிரைமருக்குள்ள (தீப்பொறி மருந்து) கசிஞ்சா அந்தத் தோட்டா செத்தது. கூடவே எடுத்துட்டுப் போற ஆறு தோட்டாவை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பயிற்சியில சுட்டுத் தீர்த்துட்டுப் புதுசு போடுங்க. பித்தளை பச்சை பூத்திருந்தா அதுக்கும் முன்னாடியே.

மடிக்கற ரிவால்வர்ல இன்னொண்ணு. சுட்ட கூட்டை வெளியே தள்ளும்போது மெதுவாத் திறந்தா ஒரு கூடு நழுவி நட்சத்திரத் தகட்டுக்கு அடியில போய் மாட்டிக்கும். அப்புறம் மூடாது, திறக்காது. துப்பாக்கியைப் பக்கவாட்டில சாய்ச்சு, ஒரே மூச்சுல முழுசா மடிச்சா எல்லாம் ஒண்ணா விழும். காலிக் கூட்டை வெச்சு வீட்டிலேயே பழகலாம்.

சுதேசி_மில்_சாலை

பயிற்சி பற்றி ஒரு குறிப்பு. ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) பத்து மீட்டரில் வட்டத்தின் நடுவைத் தேடிக்கொண்டிருப்பது உங்கள் தேவைக்கு உதவாது. ஐந்து மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அகலமுள்ள தாள். உறையிலிருந்து எடுத்து, இரண்டு கையால் பிடித்து, ஹேமரைத் தொடாமல் டிரிக்கரை மட்டும் இழுத்து இரண்டு குண்டு. ஆறும் தாளுக்குள் விழுகிற வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். .32 அப்படியொன்றும் வலுவான தோட்டா அல்ல. இடம் தவறினால் எதிராளியை நிறுத்தாது. வீட்டில் காலியாக இழுத்துப் பழக அறைகளில் போலித் தோட்டா போடுங்கள், வெறும் அறையில் நூற்றுக்கணக்கில் இழுத்தால் ஊசி முனை சேதமாகும்.

லைசென்ஸ் கையில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை மிளகு ஸ்பிரே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு லைசென்ஸ் வேண்டாம். புகையாகப் பரவும் ரகம் கடற்கரையோரச் சாலையில் திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும். பிற்பகலில் கிழக்கிலிருந்து காற்று அடிக்கும். நேர்க்கோட்டில் பீய்ச்சும் திரவமோ ஜெல்லோ வாங்குங்கள், டப்பாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஏர்கன் வாங்கச் சொல்வார்கள். அது யாரையும் நிறுத்தாது. பார்க்கத் துப்பாக்கி போலிருப்பதால் எதிராளியின் கையில் நிஜமான ஆயுதம் இருந்தால் அவன் அதை முதலில் பயன்படுத்துவான்.

பண்ருட்டி_மண்டி

இடுப்பு உறை, பிரபல் அல்லது எஃகு ரிவால்வர் என்று முடிவாகிவிட்டது. மனுவில் புதுச்சேரியையும் சேர்த்துவிடுகிறேன். தெரிந்த ஒருவரிடம் பழைய .32 வெப்ளி இருக்கிறது, விற்கத் தயாராக இருக்கிறார். பார்க்கலாமா?

கெடிலக்கரை

பார்க்கலாம் அண்ணே. ஆனால் உங்கள் லைசென்ஸ் வந்த பிறகு, அவருடைய லைசென்ஸ் அதிகாரியின் அனுமதியோடு, எண் உங்கள் லைசென்ஸில் ஏறிய பிறகுதான் துப்பாக்கி கைமாற வேண்டும். முன்பணம் கொடுத்தாலும் துப்பாக்கி அவரிடமே இருக்கட்டும். பழைய வெளிநாட்டுச் சரக்குக்குக் கேட்கும் விலை பெயருக்குத்தான், இரும்பின் நிலைக்கு அல்ல. ஆகவே கீழே உள்ளதை ஒரு ஆயுதக் கடை மெக்கானிக்கின் முன்னால் செய்து பாருங்கள்.

சட்டகத்திலும் பேரலிலும் உள்ள எண்கள் லைசென்ஸில் உள்ளதோடு ஒத்துப் போகின்றனவா, அரத்தால் ராவிய தடம் இருக்கிறதா என்று முதலில். பிறகு காலி செய்து, ஒரு கையால் பிடியையும் மறு கையால் பேரலையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மடிக்கும் கீலிலும் மேல் கொக்கியிலும் ஆட்டம் தெரிந்தால் விட்டுவிடுங்கள், சரிசெய்ய நல்ல ஆள் கிடைப்பது அரிது. சிலிண்டரை முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு இழை அசைவு இருக்கலாம், டக்கென்று சத்தம் வரக் கூடாது.

அடுத்து ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, அது நிற்பதற்கு முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு அறையில் மட்டும் தாமதமாகப் பூட்டினாலும் குண்டு பேரலின் வாயில் நேராக நுழையாது. ஓரம் சீவி ஈயத்தூள் பக்கவாட்டில் தெறிக்கும். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கருப்போடு ஈயப் பூச்சு ஒரு பக்கம் மட்டும் படிந்திருந்தால் இந்தக் கோளாறு ஏற்கெனவே இருக்கிறது.

பேரலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். பள்ளம் பள்ளமாக அரித்திருப்பது தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், வளையம் போல ஒரே இடத்தில் வீங்கிய நிழல் தெரிந்தால் வாங்கக் கூடாது. குண்டு நடுவில் சிக்கி நிற்க, பின்னால் இன்னொன்றைச் சுட்டதன் அடையாளம் அது. கடைசியாக, ஹேமரை இறக்கிய நிலையில் ஊசி முனை சேம்பர் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் கீழே விழும்போது வெடிக்கும். அப்படிப்பட்ட பழைய ரிவால்வரை வாங்கியே தீர வேண்டுமென்றால் ஐந்து தோட்டா போட்டு, ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டுத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். அதற்குப் புதிய பிரபலே மேல்.